சைக்கிள் கழற்றிப் போட்டதை உடம்பு மாட்டிக்கொண்ட வரலாறு

1890-ல் இங்கிலாந்தின் தேசிய சைக்கிள் ஓட்டுநர் ஒன்றியம் பொதுச் சாலையில் பந்தயம் கூடாது என்று முடிவெடுத்தது. அதன் பிறகு சைக்கிள் பந்தய வீரர் எஃப். டி. பிட்லேக் 1895 அக்டோபர் 5-ம் தேதி வேறொரு முறையில் போட்டி நடத்திக் காட்டினார். வீரர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு போட்டியிட்டார்கள். அந்த வழியில் வந்த போட்டிகள் விடியற்காலையில் நடந்தன. பார்ப்பவர் கண்ணுக்குப் பந்தயம் என்று படக்கூடாது என்பதற்காக வீரர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடுத்தினார்கள். பிரான்ஸில் 2008 அக்டோபர் 1 முதல், ஊர் எல்லைக்கு வெளியே இரவில் சைக்கிள் ஓட்டுபவர் ஒளியைத் திருப்பி அடிக்கும் மேலங்கி அணிந்தே ஆக வேண்டும். கண்ணில் படக்கூடாது என்று உடுத்திய காலம் போய், கண்ணில் படாவிட்டால் அபராதம் என்ற காலம் வந்திருக்கிறது.

இந்த மாற்றத்தை வெறும் பாதுகாப்பு விழிப்புணர்வு என்று சொல்லி முடித்துவிட்டால் பாதிதான் புரியும். சைக்கிள் ஓடும்போது சில வேலைகளை எதுவாவது செய்தாக வேண்டும்: வழிக்கு வெளிச்சம் காட்ட வேண்டும், பிறர் கண்ணில் பட வேண்டும், நிறுத்த வேண்டும், சேறும் எண்ணெயும் துணியில் படாமல் தடுக்க வேண்டும், விழுந்தால் அடியைத் தாங்க வேண்டும். இந்த வேலைகளைச் சைக்கிளே செய்யலாம், ஓட்டுபவர் உடம்பு செய்யலாம், சாலையில் போகும் மற்றவர்களும் செய்யலாம். விதி, உபகரணம், உடை ஆகிய மூன்றும் தனித்தனியாக மாறியதே இல்லை. ஒரு வேலை ஓரிடத்திலிருந்து நழுவும்போதெல்லாம் இன்னோரிடம் அதை ஏற்க வேண்டி வந்தது. எந்த வேலை யார் தலையில் விழுந்தது என்று பார்த்தால், இன்று கடையில் தொங்கும் பொருள்களும் சட்டப் புத்தகத்தில் இருக்கும் வரிகளும் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தெளிவாகும்.

செயின் வந்ததும் பேன்ட் மாட்டிக்கொண்டது

1870-களின் பெரிய முன்சக்கர சைக்கிளில் செயின் கிடையாது. மிதிகட்டை நேராக முன்சக்கர அச்சிலேயே இருந்தது. பேன்ட் கிழிய வழியில்லை. ஆனால் பாவாடை உடுத்தியவர் அதில் ஏறவே முடியாது. 1885-ல் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ‘ரோவர்’ சைக்கிளில் பெடல் நடுவே வந்தது, செயின் பின்சக்கரத்தைச் சுழற்றியது. 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இரண்டும் சேர்ந்து இன்றைய சைக்கிளின் உருவத்தைத் தந்தன. கூடவே புதிதாக ஒரு தொல்லையும் வந்தது: வலதுகால் பேன்ட்டின் விளிம்பு செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே போய் மாட்டியது.

அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்கள் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்கள். செயினை முழுவதும் மூடும் பெட்டி வந்தது. பின்சக்கரத்தின் இருபக்கமும் மட்கார்டிலிருந்து அச்சு வரை நூல் வலை கட்டி, பாவாடை கம்பிகளில் சுற்றாமல் தடுத்தார்கள். பெண்களுக்கான சைக்கிளில் மேல் பாரைத் தாழ்த்தினார்கள். ‘சன்பீம்’ சைக்கிள்களில் செயின் சிறு எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே ஓடியது. மழையும் மண்ணும் படாத செயின் எவ்வளவு காலம் உழைக்கும் என்பது, திறந்த செயினை அளந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அரை அங்குலக் கண்ணி 24 சேர்ந்தால் நீளம் 304.8 மி.மீ. ஊசிகள் தேயத் தேய அது நீளும். 306.5 மி.மீ.-ஐத் தொட்டால் செயினை மாற்றிவிட வேண்டும். 308 வரை விட்டுவைத்தால் பல்சக்கரமும் அந்த நீளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதன் மேல் புதுச் செயினைப் போட்டால் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். திறந்த செயினில் இந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துவது எண்ணெயில் ஒட்டும் மணல்தான். எண்ணெயை ஊற்றிவிட்டு வெளிப்புறத்தைத் துணியால் துடைக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

இவ்வளவு நல்ல பெட்டி ஏன் காணாமல் போனது? செயினைப் பக்கவாட்டில் தள்ளிப் பல்சக்கரம் மாற்றும் கியர் பரவியபோது, மூடிய பெட்டிக்குள் செயின் நகர இடமில்லை. பின்சக்கர பஞ்சரை ஒட்டப் பெட்டியைக் கழற்றுவது அரைமணி நேர வேலை. பந்தய சைக்கிளின் தோற்றம் அன்றாடச் சைக்கிளுக்கும் அழகு என்றானதும் எடையையும் குறைக்க நினைத்தார்கள். மட்கார்டுக்கும் இதே கதிதான். ஃபோர்க்கும் சட்டமும் டயரை ஒட்டி வளைந்தபின் மட்கார்டு நுழைய இடமே இல்லை. சைக்கிள் கைவிட்டதை ஓட்டுபவர் ஏற்றார்: கணுக்காலில் இரும்புக் கிளிப், முழங்காலோடு நிற்கும் அரைக்கால்சட்டை, முதுகில் சேறு தெறித்தால் கழுவ எளிதான மேலுடை.

பெண்களின் உடையில் இந்தப் போராட்டம் நீதிமன்றம் வரை போனது. பெண்களுக்கு வசதியான உடை வேண்டும் என்று வாதாடிய பகுத்தறிவு உடைச் சங்கம் லண்டனில் 1881-ல் தொடங்கப்பட்டது. அதன் முன்னணியில் இருந்தவர் ஹார்பர்ட்டன் சீமாட்டி. அவர் 1898 அக்டோபரில் சர்ரே மாவட்டத்தின் ஆக்கம் கிராமத்தில் இருந்த ‘ஹாட்பாய்’ விடுதிக்குச் சைக்கிளில் போனார். பாவாடைக்குப் பதில் தொளதொளத்த கால்சட்டை அணிந்திருந்ததால், உணவுக்கூடத்தில் அவருக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள். சைக்கிள் சுற்றுலா மன்றம் பின்னால் நின்று வழக்கு நடத்தியது. 1899-ல் தீர்ப்பு விடுதிக்குச் சாதகமாக வந்தது. வழக்குத் தோற்றாலும், நீளப் பாவாடையோடு சைக்கிள் ஓட்டுவதன் ஆபத்தை அதற்குள் ஊரே பார்த்திருந்தது. ஒழுக்கப் பிரச்சினையாகப் பேசப்பட்டது ஓர் இயந்திரப் பிரச்சினையும் கூட: பாவாடை வலை கட்டிய, செயின் மூடிய சைக்கிளில் போனவர்களுக்கு அந்த உடைமாற்றம் அவ்வளவு அவசரமாக இருக்கவில்லை.

இன்றும் உடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஹேண்டில்பாரின் உயரம்தான். ஹேண்டில்பார் சீட்டைவிட உயரமாக இருந்தால் உடம்பு நிமிர்ந்திருக்கும். எடை முழுவதும் இடுப்பின் இரு உட்கார்வு எலும்புகளில் இறங்கும். அகலமான, ஸ்பிரிங் வைத்த சீட் அதைத் தாங்கும். சாதாரணப் பேன்ட்டும் புடவையும் இதற்குப் போதும். ஹேண்டில்பாரைத் தாழ்த்தினால் இடுப்பு முன்னே சாயும், சீட் குறுகலாக வேண்டும், தொடையின் உட்பக்கம் உராயும். பேன்ட்டில் நான்கு தையல்கள் சந்திக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் தையலில்லாத மெத்தை வைத்த இறுக்கக் கால்சட்டை தேவைப்பட்டது. அந்த மெத்தை முதலில் மெல்லிய மான்தோல் போன்ற பதனிட்ட தோல். துவைத்துக் காய்ந்தால் அப்பளமாக விறைக்கும்; களிம்பு தடவி இளக்கித்தான் அணிய வேண்டும். 1958-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய இழுபடும் இழை, 1970-களில் சைக்கிள் உடைக்குள் வந்தபோது கம்பளி பின்வாங்கியது. செயற்கை மெத்தை வந்தபின் தோலும் போனது. இந்தக் கால்சட்டைக்குள் உள்ளாடை அணியக்கூடாது. அணிந்தால், தவிர்க்க நினைத்த தையல் மறுபடி உள்ளே வந்துவிடும். தினம் ஐந்து கிலோமீட்டர் வேலைக்குப் போகிறவருக்கு இது எதுவும் தேவையில்லை. ஹேண்டில்பாரை இரண்டு விரற்கடை உயர்த்தினால் போதும்.

விளக்கு: யார் யாரைப் பார்க்க வேண்டும்?

பிரிட்டனின் 1888-ம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 85-ம் பிரிவு சைக்கிளையும் வண்டி என்று அறிவித்தது. சாலையில் அதற்கு உரிமை வந்தது. கூடவே இரண்டு கடமைகளும் வந்தன. சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்திலிருந்து, உதிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை விளக்கு எரிய வேண்டும். வண்டியையோ நடப்பவரையோ தாண்டும்போது மணியாலோ ஊதலாலோ எச்சரிக்க வேண்டும்.

அப்போது கேட்டது முன்விளக்கு ஒன்றுதான். எண்ணெய்த் திரி விளக்குகள் வழியைக் காட்டின என்பதைவிட, ஆள் வருகிறார் என்று காட்டின என்பதே சரி. 1890-களின் பிற்பகுதியில் கார்பைடு விளக்கு வந்தது. மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுச்சொட்டாகக் கீழே உள்ள கால்சியம் கார்பைடில் விழும். உண்டாகும் அசெட்டிலீன் வாயு பளீரென்ற வெள்ளைச் சுடராக எரியும். குமிழைத் திருகி நீரை நிறுத்தினாலும், உள்ளே ஊறிய ஈரம் தீரும்வரை வாயு வந்துகொண்டே இருக்கும். மிஞ்சும் சுண்ணாம்புக் கூழை ஒவ்வொரு முறையும் சுரண்டி எடுக்காவிட்டால் அடுத்த முறை துளை அடைக்கும். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்து விளக்கே நின்றுபோகும்.

டைனமோ இந்தத் தொல்லைகளை ஒழித்தது. பல பத்தாண்டுகள் நிலைத்த அளவு 6 வோல்ட், 3 வாட்: முன் பல்புக்கு 2.4 வாட், பின் பல்புக்கு 0.6 வாட். இரண்டில் ஒன்று போனால் சற்று நேரத்தில் மற்றதும் போவதை டைனமோ வைத்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். டைனமோ ஏறக்குறைய மாறாத அளவு மின்னோட்டத்தை, அதாவது அரை ஆம்பியரை, தள்ளிக்கொண்டே இருக்கும். முன் பல்பு அறுந்தால் அந்த முழு ஓட்டமும் 0.1 ஆம்பியருக்காகச் செய்த பின் பல்புக்குள் பாயும். அது உடனே கருகிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதும், மாற்றும்போது வாட் அளவைச் சரிபார்ப்பதும் முக்கியம். டயரில் உரசும் டைனமோவைப் பொருத்தும்போது அதன் நடு அச்சு, சக்கரத்தின் அச்சை நேராகப் பார்க்க வேண்டும். கோணம் விலகினால் உருளை சறுக்கி டயரின் பக்கச்சுவரை அறுக்கும். திரும்பும் மின்னோட்டம் சட்டத்தின் வழியே போகும் வகையில், பிடிப்பானின் கூர்முனைத் திருகாணி பெயின்டைத் துளைத்து இரும்பைத் தொட வேண்டும். விளக்கு மினுக்கினால் பல்பைச் சந்தேகிப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் இதுதான். இப்போதைய விளக்குகளில் இரட்டைக் கம்பி ஓடுவதால் இந்தக் கோளாறு குறைந்திருக்கிறது. சக்கர மையத்துக்குள்ளேயே சுழலும் ஹப் டைனமோவுக்கு மழையில் வழுக்கும் சிக்கலும் இல்லை.

பின்விளக்கில்தான் பெரிய வாக்குவாதம் நடந்தது. பிரிட்டனின் சைக்கிள் சுற்றுலா மன்றம் பல ஆண்டுகள் கட்டாயப் பின்விளக்கை எதிர்த்தது. அவர்கள் வாதம் எளிது: பின்னால் வருபவர் தன் விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் வர வேண்டும்; விளக்கில்லாத பாதசாரியும் மாடும் சாலையில் இருக்கத்தான் செய்வார்கள்; சைக்கிள்காரர் சிவப்பு விளக்கு மாட்டினால் பொறுப்பு முன்னால் போகிறவர் பக்கம் நகர்ந்துவிடும். 1927-ம் ஆண்டுச் சட்டம் சமரசமாகச் சிவப்பு விளக்கு அல்லது ரிஃப்ளெக்டர், எதுவானாலும் போதும் என்றது. இரண்டாம் உலகப்போரின் இருட்டடிப்புக் காலத்தில் பின்விளக்கே கட்டாயமாகி, போருக்குப் பின்னும் நிலைத்தது. நடைமுறையில் பின்விளக்கு உயிர் காக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பழைய வாதம் சொன்னதும் அப்படியே நடந்தது: வேகத்தைக் குறைக்க வேண்டியவரை விட்டுவிட்டு, மின்ன வேண்டியவரைச் சட்டம் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் இது இன்னொரு வடிவம் எடுத்தது. 1970-களின் நடுவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், புது சைக்கிள்கள் எல்லாவற்றிலும் முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு, பெடலில் மஞ்சள், கம்பிகளில் பக்க ரிஃப்ளெக்டர் என்று விதித்தது, விளக்கைக் கட்டாயமாக்கவில்லை. சைக்கிள் ஓட்டுபவர்களின் உரிமைக்காக வாதாடிய பொறியாளர் ஜான் ஃபாரெஸ்டர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில விதிகளை மட்டும் திருப்பி அனுப்பியது. அவர் எழுப்பிய கேள்வி இன்றும் செல்லும். ரிஃப்ளெக்டர், தன் மீது படும் ஒளியை அது வந்த இடத்துக்கே அனுப்பும் பொருள். குறுக்குத் தெருவில் நிற்கும் காரின் ஒளி நேரே முன்னால் விழுகிறது. இடப்பக்கமிருந்து வரும் சைக்கிள் மீது அது படவே இல்லை. படாத ஒளியை எப்படித் திருப்ப முடியும்? கார் கிளம்பி, சைக்கிள் அதன் மூக்குக்கு எதிரே வந்தபின்தான் சக்கர ரிஃப்ளெக்டர் மின்னும். அப்போது காலம் கடந்திருக்கும். ஆகவே முன்விளக்கு இல்லாத சைக்கிளில் எத்தனை ரிஃப்ளெக்டர் இருந்தாலும் இரவில் அது முழுமையானதல்ல. பெடலில் உள்ள மஞ்சள் ரிஃப்ளெக்டர் மட்டும் தனி ரகம்: மேலும் கீழும் ஆடுவதால், பின்னால் வருபவர் அது சைக்கிள் என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார். பிரிட்டனில் 1985 அக்டோபர் 1-க்குப் பின் தயாரான சைக்கிளை இரவில் ஓட்ட இது சட்டப்படி வேண்டும். செருப்பைப் பூட்டும் வகைப் பெடலுக்கு மாறுபவர்கள் இதை இழக்கிறார்கள். கணுக்காலில் ஒளிப்பட்டை கட்டினால் அதே பலன் கிடைக்கும்.

எல்இடி வந்ததும் விளக்கு சைக்கிளிலிருந்து கழன்றது. சட்டங்கள் பின்னால் ஓடிவந்தன. பிரிட்டன் 2005-ல் மினுக்கும் விளக்கை அனுமதித்தது. நிமிடத்துக்கு 60 முதல் 240 முறை வரை மினுக்கலாம். நெதர்லாந்து 2008 நவம்பரிலிருந்து விளக்கை உடையிலோ பையிலோ மாட்டிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. ஜெர்மனி நீண்ட காலம் டைனமோவைப் பிடித்துக்கொண்டிருந்தது; 2013-ல்தான் எல்லாச் சைக்கிளுக்கும் பேட்டரி விளக்கு செல்லும் என்றது; 2017-ல், பகலில் அதை எடுத்துவர வேண்டியதில்லை என்றது. மினுக்கல் அங்கே இன்னும் கூடாது. மினுக்கும் ஒளி கண்ணை ஈர்க்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கடினம். இருட்டு நெடுஞ்சாலையில் நிலையாக எரியும் விளக்கே மேல்.

ஜெர்மன் விதிகளில் எல்லா நாட்டினரும் எடுத்துக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு: முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கக்கூடாது. பழைய விதி அளந்து பார்க்கும் வழியையும் சொன்னது. ஐந்து மீட்டர் தள்ளி ஒளிக்கற்றையின் மையம், விளக்கின் உயரத்தில் பாதிக்கு இறங்கியிருக்க வேண்டும். சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளிச் சைக்கிளை நிறுத்துங்கள். விளக்கு 80 செ.மீ. உயரத்தில் இருந்தால் சுவரில் ஒளிமையம் 40 செ.மீ. உயரத்தில் விழ வேண்டும். வட்டமாக எல்லாப் பக்கமும் சிதறும் கைவிளக்கு வகையை மாட்டினால், எவ்வளவு தாழ்த்தினாலும் மேல்பாதி ஒளி எதிரே வருபவர் முகத்தில்தான் அடிக்கும். மேல்விளிம்பு வெட்டப்பட்ட ஒளி தரும் விளக்கு குறைந்த லூமனிலும் சாலையை நன்றாகக் காட்டும்.

மேலங்கிக்கு வந்த வேலை

பளிச்சென்ற மஞ்சள் துணியும் ஒளியைத் திருப்பும் பட்டையும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பலர் பாதிப் பாதுகாப்போடு போகிறார்கள். ஒளிரும் மஞ்சள், பகல் ஒளியில் உள்ள புறஊதாக் கதிரை வாங்கிக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. மேகமூட்டத்திலும் அந்தி நேரத்திலும் அது அபாரமாக வேலை செய்யும். இரவில் புறஊதாக் கதிர் இல்லாததால் அது வெறும் வெளிர்த் துணி. சாம்பல் நிறப் பட்டையில் நுண்ணிய கண்ணாடி மணிகள் இருக்கின்றன. அவை கார் விளக்கின் ஒளியைக் கார் இருக்கும் திசைக்கே அனுப்பும். பகலில் அதனால் பயனில்லை. தோளில் மாட்டும் பை இரண்டையும் மறைத்துவிடும். ஒரே பட்டை வாங்க முடியுமென்றால் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் வாங்குவதே நல்லது: காரின் தாழ்விளக்கு அங்கேதான் நன்றாக விழும், சுழலும் கால் மனித அசைவு என்று கண் உடனே அறிந்துகொள்ளும். துணி மென்மைத் திரவமும் இஸ்திரியும் அந்த மணிகளைக் கெடுக்கும். வெயிலில் தொடர்ந்து காயப்போட்டால் மஞ்சள் வெளுக்கும்.

நிறுத்துவதும் மணியடிப்பதும்

பெரிய சக்கரச் சைக்கிளில் முன்டயரின் மேல் கரண்டி போன்ற தகடு அழுந்தும். பலமாகப் பிடித்தால் ஓட்டுபவர் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற விழுவார். காற்றடைத்த டயர் வந்ததும் அந்தத் தகடு டயரைத் தின்றது. ரிம்மைப் பிடிக்கும் கட்டைகள் வந்தன. ஆனால் குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால் ரப்பர் கட்டை பிடிக்கவே பிடிக்காது, நிற்கும் தூரம் பல மடங்காகும். இரும்பு ரிம் வைத்திருப்பவர்கள் மழையில் முன்கூட்டியே லேசாகப் பிடித்து, இரண்டு மூன்று சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். அலுமினிய ரிம் இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது. அதற்குப் பதிலாக அது தேயும். பக்கச்சுவரில் விரலை வைத்தால் குழிவு தட்டுப்பட்டால் ரிம்மை மாற்றும் காலம் வந்துவிட்டது. விட்டுவைத்தால் டயர் அழுத்தத்தில் ரிம்மே வெடிக்கும். டிஸ்க் பிரேக் தேய்மானத்தை மலிவான தகட்டுக்கு மாற்றியது. ஆனால் ஒரு சொட்டுச் செயின் எண்ணெய் தகட்டில் பட்டால் கட்டைகள் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கீச்சிடுமே தவிர நிற்காது. ஸ்ப்ரே எண்ணெயை டிஸ்க் அருகே அடிக்கவே கூடாது.

சட்டம் இதில் ஆரம்பத்திலிருந்தே கறார். பிரிட்டனின் 1983 விதிகள் ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினாலும் பின்சக்கரத்தைச் சுழலவிடும் அமைப்பு) உள்ள சைக்கிளுக்கு முன்னே ஒன்று, பின்னே ஒன்று எனத் தனித்தனியாக இயங்கும் இரு பிரேக்குகளைக் கேட்கின்றன. ஃப்ரீவீல் இல்லாத சைக்கிளில் பெடலைப் பின்னோக்கி அழுத்துவதே பின் பிரேக்காகக் கணக்கு. முன் பிரேக் அதற்கும் வேண்டும். நிறுத்தும்போது எடை முன்சக்கரத்துக்கு நகர்வதால், பின் பிரேக் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டுவது நிற்கும் தூரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும்.

மணி விஷயத்தில் சட்டம் அலைந்திருக்கிறது. 1888-ல் பிரிட்டன் விதித்த கட்டாய எச்சரிக்கை 1930-ல் நீக்கப்பட்டது. 1968-ன் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், சைக்கிளுக்கு மணி வேண்டும், வேறு ஒலிக்கருவி கூடாது என்றது. காரின் ஹாரன் போல அலறும் மின்கருவிகளைப் பல நாடுகள் ஏற்காததற்கு அடிப்படை இதுதான். மணி பெருவிரல் எட்டும் தூரத்தில், கையை பிரேக்கிலிருந்து எடுக்காமல் அடிக்கும்படி இருந்தால்தான் பயன்.

தலைக்கவசம்

விழுந்தால் தாங்கும் வேலையைச் சைக்கிளால் செய்ய முடியாது. பந்தயக்காரர்கள் நீண்ட காலம் அணிந்த தோல்பட்டைத் தொப்பி காதுச் சிராய்ப்பைத் தடுத்தது, அவ்வளவே. 1975-ல் ‘பெல்’ நிறுவனம் நுரை நிரப்பிய கடின ஓட்டுக் கவசத்தை விற்கத் தொடங்கியது. அந்த நுரை ஒரே ஒரு முறை நசுங்கி அடியின் ஆற்றலை உறிஞ்சுவதற்கானது. நசுங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது. விழுந்த கவசத்தை, வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மாற்றச் சொல்வது இதனால்தான்.

தரச் சோதனைகள் எதைச் சோதிக்கின்றன என்று தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கும். அமெரிக்காவில் 1999 மார்ச்சிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, கவசத்தை ஏறக்குறைய 2 மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்பின் மீது போடுகிறார்கள். உள்ளிருக்கும் தலைமாதிரியின் அதிர்வு புவியீர்ப்பின் 300 மடங்கைத் தாண்டக்கூடாது. ஐரோப்பியத் தரமான இ.என். 1078-ல் உயரம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், எல்லை 250 மடங்கு. அதாவது சைக்கிளிலிருந்து தரையில் விழும் தலைக்கான சோதனை இது. வேகமாக வரும் கார் மோதுவதற்கானது அல்ல. பொருத்தமும் தரத்துக்குச் சமம்: முன்விளிம்பு புருவத்துக்கு மேல் இரு விரல் அகலத்தில், பட்டைகள் காதுக்குக் கீழே ‘வி’ வடிவில் சேர, தாடைக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். நெற்றி தெரியப் பின்னால் தள்ளி அணிந்த கவசம், தேவைப்படும் நொடியில் தலையை விட்டு நழுவும்.

கட்டாயமாக்குவதில் உலகம் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1-லும் நியூசிலாந்து 1994 ஜனவரி 1-லும் எல்லா வயதினருக்கும் கட்டாயமாக்கின. நெதர்லாந்து சாதாரண சைக்கிளுக்கு அதைச் செய்யவில்லை. தனிப் பாதையும் குறைந்த வேகமும் அங்கே அந்த வேலையைச் செய்கின்றன. பிரான்ஸ் 2017 மார்ச்சில் 12 வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் கட்டாயமாக்கியது. ஜப்பான் 2023 ஏப்ரலில் எல்லோரும் அணிய முயல வேண்டும் என்று அபராதமில்லாத கடமையாக வைத்தது. சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுன்ட்டி 2022 பிப்ரவரியில் தன் கட்டாய விதியையே ரத்து செய்தது. அபராதம் வீடற்றவர்கள் மீதும் கறுப்பின மக்கள் மீதும் அளவுக்கு மீறி விழுந்தது என்பது அதற்குக் காரணம். கவசம் அணிவது நல்லது என்பதும், அணியாதவரைத் தண்டிப்பது நல்லதா என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் இந்த விவாதம் முடிவதில்லை.

திரும்பி வரும் சுமை

அண்மைய விதிகளில் காற்று கொஞ்சம் திசைமாறியிருக்கிறது. சைக்கிளைத் தாண்டும் கார் விட வேண்டிய இடைவெளி பல நாடுகளில் எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது: ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர். பிரிட்டனின் நெடுஞ்சாலை நெறிகள் 2022 ஜனவரி 29-ல் திருத்தப்பட்டபோது, அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்ற வரிசைமுறை வந்தது; சைக்கிள்காரர் தேவையான இடத்தில் பாதையின் நடுவில் ஓட்டலாம் என்றும் எழுதப்பட்டது. ஓரத்தை ஒட்டியே போனால், இடமில்லாத இடத்திலும் தாண்டிவிடலாம் என்று பின்னால் வருபவருக்குத் தோன்றும். ஓரத்தில் நிற்கும் காரின் கதவு திறந்தால் விலக வழியும் இருக்காது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலம் 1982-லேயே, நிறுத்தப் பலகையில் சைக்கிள் முழுதாக நிற்க வேண்டியதில்லை, வழிவிட்டுப் போனால் போதும் என்றது. ஓட்டுபவர் பக்கத்திலும் புதுக் கடமைகள் உண்டு: பிரான்ஸ் 2015 ஜூலையில் காதில் ஒலிக்கருவி மாட்டி ஓட்டுவதைத் தடை செய்தது, நெதர்லாந்து 2019 ஜூலையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதைத் தடை செய்தது.

மின்மோட்டார் சைக்கிள் பழைய பாகங்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது. 25 கிலோ எடையுள்ள வண்டியில் மட்கார்டின் அரைக்கிலோ யாருக்கும் பாரமில்லை. விளக்குகள் முதன்மை பேட்டரியிலிருந்தே கம்பி வழியாக எரிகின்றன. எண்ணெய் தேவைப்படாத பல் பெல்ட் செயினுக்குப் பதிலாக வந்து பேன்ட்டைக் காப்பாற்றுகிறது. பெல்ட்டைத் துண்டிக்க முடியாததால் அதை நுழைக்கச் சட்டத்தின் பின்பகுதியில் திறக்கும் இணைப்பு வேண்டும்; பொருத்தும்போது கூர்மையாக மடித்தால் உள்ளிழை முறிந்து, வெளியே எதுவும் தெரியாமலேயே பிறகு ஒருநாள் அறுந்துவிடும். எடை கூடியதால் பிரேக் கட்டையும் சீக்கிரம் தேய்கிறது. சாதாரணச் சைக்கிளுக்குப் பழகிய கால இடைவெளியில் பார்த்தால் தாமதமாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட் வரை, மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் உதவி நின்றுவிடும், மிதித்தால் மட்டும் இயங்கும் மோட்டார் இருந்தால் அது சட்டப்படி சைக்கிள்தான். 45 கி.மீ. வரை உதவும் வகையை நெதர்லாந்து 2017 ஜனவரியிலிருந்து மொபெட் கணக்கில் வைத்திருக்கிறது: எண்பலகை, காப்பீடு, உரிமம், அந்த வேகத்துக்கென வகுத்த தரக் கவசம் எல்லாம் வேண்டும். 25 கி.மீ. வண்டியின் வேகத் தடையை மென்பொருளாலோ, வேகத்தை அளக்க உதவும் காந்தத்தை இடம் மாற்றியோ நீக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்த நொடியிலிருந்து அவர் ஓட்டுவது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். விபத்து நடந்தால் முதலில் பார்க்கப்படுவது, வண்டி 25-க்கு மேலும் தள்ளுகிறதா என்பதைத்தான்.